முதல் மடக்கு

"மேடம், தப்பா நினைக்காதீங்க. முதல் மடக்கு எனக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு அந்தத் தையல்காரப் பெண், தான் நீட்டிய டம்ளரைத் தானே திரும்ப எடுத்து, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். கண்ணை மூடி ருசி பார்த்தாள். பிறகுதான் டம்ளரைக் கொடுத்தாள்.

"விருந்தாளிக்கு வச்ச தண்ணியில நீ முதல்ல குடிப்பியா? நல்ல மரியாதைதான் போ!"

"மரியாதை இல்லதான் மேடம். பழகிப் போச்சு. புள்ளைக்கு எது குடுத்தாலும் ஒரு மடக்கு நான் குடிச்சிட்டுத்தான் குடுப்பேன். கசந்தா அப்படியே கவுத்துடுவேன்."

"அவ்வளவு பயமா உனக்கு?"

"அந்தச் செடி அங்க நிக்கிற வரைக்கும் பயந்தான்."

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்த பேச்சு. நகராட்சித் தோட்டப் பிரிவின் பெண் ஆய்வாளருக்கு இன்றைக்கும் அது ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. எப்போதும் கையில் அளவுநாடாவோடு அலைவதால் அலுவலகத்தில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். எத்தனையோ வீடுகளில் அளந்திருக்கிறாள், எத்தனையோ பேர் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கிறாள். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மறக்க வேண்டிய ஒன்று மட்டும் மறக்கவில்லை.

அன்றைக்கு அவள் போனது ஒரு புகாரின் பேரில். தையல்காரியின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். மதிலை ஒட்டி இந்தப் பக்கம் தையல்காரியின் தண்ணீர்த் தொட்டி. அந்தப் பக்கம், கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவரின் தோட்டத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த இளஞ்சிவப்பு அரளி. காற்றடித்தால் பூவும் இலையும் தொட்டியில் விழுந்தன. 'எனக்கு ஒரே பிள்ளை. அதனால்தான் கேட்கிறேன்' என்று புகாரின் கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

அரளி வளர்ப்பது குற்றமல்ல. இலை, பூ, வேர், பால் என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை விஷம்தான். ஆனாலும் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். நகராட்சியே சாலை நடுவில் வரிசையாக நட்டிருக்கிறது. விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி மட்டும் உண்டு. நச்சுச் செடியின் தண்டு, இரு வீட்டுக்கும் பொதுவான மதிலிலிருந்து நாலடி தள்ளியிருக்க வேண்டும். குறைந்தால் வெட்டச் சொல்லலாம்.

தையல்காரி தன் பக்கத்துத் தொட்டிமேல் ஏறி, மதிலுக்கு மேலாகக் கையை விட்டு, டேப்பின் நுனியை எதிர்ப்பக்கச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். கடிகாரக்காரரின் தோட்டத்தில் ஆய்வாளர் நின்ற இடத்திலிருந்து நான்கு விரல்கள்தான் தெரிந்தன. நடுவிரலில், ஊசி ஏறாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் தகரத் தொப்பி. டேப் இரண்டு முறை சுண்டியது.

"ரெண்டு தடவை சுண்டினா புடிச்சாச்சுன்னு அர்த்தம் மேடம். எங்க கடைப் பழக்கம்."

மூன்றடி பத்து அங்குலம்.

இரண்டு அங்குலம் குறைவு. எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டியதுதான். ஆனால் கடிகாரக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஜன்னலைக் காட்டினார். உள்ளே கட்டிலில், தலையணையை அணைவாக வைத்துச் சாய்ந்திருந்தாள் அவர் மனைவி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"காலையில கண்ணு முழிச்சா அவ முதல்ல தேடுறது என்னை இல்லம்மா, அந்தப் பூவைத்தான். எனக்கே பொறாமையா இருக்கும்னா பாத்துக்கோ."

கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். இத்தனை வருடம் கழித்தும் ஒரு மனைவியைச் சிரிக்க வைக்கும் கணவன்! இளம் வயதிலேயே கணவனை இழந்து, ஒற்றை மகளை வளர்த்துக்கொண்டிருந்த ஆய்வாளருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் எங்கேயோ தைத்தது. ரெண்டு அங்குலத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

நாலடி என்று எழுதினாள்.

மதிலுக்கு மேலே அந்த நான்கு விரல்கள் இன்னும் டேப்பை விடாமல் பிடித்திருந்தன. தையல்காரி ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒருவேளை மனம் மாறியிருக்கும்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தையல்காரியின் வீடு பூட்டிக் கிடந்தது. தெருமுனைக் கடைக்காரர் சொன்னார். "பாவம், முப்பது வயசுதான். புள்ளைக்கு ஊத்தின தண்ணியில ஒரு மடக்கு குடிச்சவ அப்படியே சாஞ்சிட்டாளாம். டாக்டர் மாரடைப்புன்னு சொல்லிட்டார். பையனுக்கு ஒண்ணும் ஆகல. அவளோட அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்."

அரளி இதயத்தைத்தான் நிறுத்தும் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனாள்.

போன மாதம் மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, ஒரு வீடு பிடிச்சிருக்கோம். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், உங்க மாப்பிள்ளைக்கு வேலை ரெண்டு தெரு தள்ளி. சாமானெல்லாம் இறக்கியாச்சு. நேர்ல வந்து பாத்து அசந்து போகணும்னுதான் முன்னாடியே சொல்லல."

மகளுக்கு ஏழாவது மாதம். அம்மா பழமும் போர்வையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். இத்தனை வருடமாக அவள் சுற்றிப் போன அதே தெருவுக்குள் ஆட்டோ திரும்பியது. தையல்காரி இருந்த வீட்டின் பச்சைக் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. மதிலுக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கொத்து எட்டிப் பார்த்தது.

"எப்படிம்மா இருக்கு வீடு?" மகள் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். "என்ன, முகம் இப்படி வெளிறிப் போச்சு? அவ்வளவு அசந்துட்டியா?"

"வீடு... நல்லா இருக்கு பாப்பா."

உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசம். அதற்கு அடியில், கூடத்தின் மூலையில் மட்டும், வேறொரு வாசம். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்.

"பக்கத்து வீட்ல யாரோ மத்தியானம் ஆனா தைக்கிறாங்கம்மா" என்றாள் மகள். "மெஷின் சத்தம் நல்லா கேக்குது. தாலாட்டு மாதிரி இருக்கா, எனக்குத் தூக்கமே வந்துடுது."

பக்கத்து வீட்டில் கடிகாரக்காரரைத் தவிர யாருமில்லை. அவர் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது.

"இன்னொரு வேடிக்கை கேளேன். இந்த வீட்ல தண்ணிய டம்ளர்ல ஊத்தி வச்சுட்டுத் திரும்பினா ஒரு மடக்கு குறைஞ்சிருக்கு! உங்க மாப்பிள்ளை மேல சந்தேகப்பட்டேன். அவர் ஷிஃப்டுக்குப் போன நேரத்திலயும் அப்படித்தான். சில நாள் டம்ளரே கவுந்து கிடக்கும். பூனையா இருக்கும்கிறார். கதவு சாத்தியிருக்கும்போது எப்படிம்மா பூனை வரும்?"

ஆய்வாளரின் கையிலிருந்த பழப்பை தரையில் விழுந்தது.

வந்துவிட்டாள். எட்டு வருடம் காத்திருந்து, என் பிள்ளையைத் தேடி வந்துவிட்டாள்.

அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். வேறு எதுவும் தோன்றவில்லை.

"பாப்பா, இந்த வீடு வேண்டாம். வேற பாக்கலாம்."

"என்னம்மா விளையாடுறியா? ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எங்க வீடு தேடுறது?"

"அந்த அரளி விஷம்டி. தொட்டித் தண்ணிய வாயில வைக்காதே."

"ஊரெல்லாம் அரளி நிக்குது. சாலை நடுவுல நட்டதே உங்க ஆபீஸ்தான். ஊருக்கு வச்சா அழகு, என் வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா விஷமா? கேன் தண்ணிதான் வாங்குறோம். கேன்காரர் வராத அன்னைக்குத்தான் தொட்டித் தண்ணி. அதையும் வடிகட்டி, கொதிக்க வச்சுதான் குடிக்கிறோம்."

"கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது."

"சரிங்க மேடம்" என்று சிரித்தாள் மகள்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. மறுநாளே ஆளை வைத்துத் தொட்டியை இறைத்துக் கழுவினாள். புது மூடி போட்டாள். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், பக்கவாட்டு வெடிப்பு வழியாக ஒரு வேர் உள்ளே வந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. தலைமுடி போல மெல்லிய வேர். நறுக்கி எறிந்துவிட்டு வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்தாள்.

அடுத்த வாரம் வேறொரு வெடிப்பு. வேறொரு வேர்.

கடிகாரக்காரரிடம் போனாள். அவர் சுவரைக் காட்டினார். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் கையெழுத்திட்ட சான்று, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"நாலடின்னு நீயே எழுதிக் குடுத்ததும்மா. சட்டப்படி என் மேல தப்பு இல்ல. அவ போயிட்டா. அவ பாத்த பூவாவது இருக்கட்டுமே. அதை வெட்டினா அந்த ஜன்னல்ல எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. திட்டுவதற்குக்கூட அவளுக்கு ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை.

கடைசியில் அலுவலகத்துக்குப் போய், தன் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சார், அந்த அளவு தப்பு. நான் பொய் எழுதினேன். மூணடி பத்து அங்குலம்."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "டேப் அக்கா, ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு? சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறீங்களே."

"வேலை போனா போகட்டும் சார்."

"முடிஞ்ச கோப்பைத் திறக்கணும்னா புது அளவு வேணும். போய் அளந்துட்டு வாங்க. நாலடிக்குக் கீழ இருந்தா அன்னைக்கே நோட்டீஸ், உங்க மேல விசாரணை, ரெண்டும். நாலடி இருந்துச்சுன்னா என்கிட்ட வராதீங்க. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்கே மதியம் போனாள். மழை வருவது போல வானம் மூடியிருந்தது. காற்றே இல்லை. மகள் வாசலில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுப் போம்மா."

"அளந்துட்டு வர்றேன். நீ உள்ள போய்ப் படு."

"தாகமா இருக்கு. கேன்காரர் இன்னைக்கு வரல. தண்ணிய ஆற வச்சிருக்கேன்."

"நான் வந்து கடையில பாட்டில் வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் எதையும் குடிக்காதே. என்ன?"

"சரி சரி."

கடிகாரக்காரர் கதவைத் திறந்துவிட்டார். அவளைத் தனியாக விட்டுவிட்டு உள்ளே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். உள்ளே பத்துப் பதினைந்து கடிகாரங்கள் ஒன்றோடொன்று சேராமல் துடித்தன.

செடி இப்போது கூரை உயரம். கொத்துக் கொத்தாகப் பூ. ஒரு தேனீகூட இல்லை. மெல்லிய இனிப்பு வாசம் மூக்கில் ஏறி, நெற்றிக்குள் போய் உட்கார்ந்தது.

டேப்பை இழுத்தாள். கொக்கியை மதிலின் விளிம்பில் மாட்டிவிட்டுச் செடி வரைக்கும் பின்னால் நடந்தாள். கொக்கி நழுவி விழுந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை மாட்டிவிட்டு, செடிக்கு அருகே குனிந்து தண்டோடு டேப்பை வைத்தாள்.

டேப் இறுகியது.

இரண்டு முறை சுண்டியது.

நிமிர்ந்து பார்த்தாள். மதிலுக்கு மேலே நான்கு விரல்கள் டேப்பின் நுனியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தன.

"பாப்பா! வயித்துப் பிள்ளையோட தொட்டி மேல ஏறினியா? அறிவிருக்கா உனக்கு? இறங்குடி!"

"என்னம்மா?" மகளின் குரல் தூரத்திலிருந்து வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து. "கூப்பிட்டியா? நான் உள்ள இருக்கேன்."

விரல்கள் அசையவில்லை.

நடுவிரலில் தகரத் தொப்பி.

ஆய்வாளரின் பார்வை தானாகக் கீழே இறங்கி டேப்பில் நின்றது. முப்பது வருடப் பழக்கம், செத்தாலும் போகாது.

நாலடி.

ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"போன மழையில பழைய மதில் இடிஞ்சு போச்சும்மா" என்று ஜன்னலிலிருந்து கடிகாரக்காரர் சொன்னார். செடி மறைவில் நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "இது புதுசு. முன்ன இருந்ததை விட ரெண்டு அங்குலம் ஒல்லி. இப்ப உன் எழுத்து நிஜமாவே நாலடி ஆயிடுச்சு பாத்தியா?"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அவ்வளவுதான். வேலையைக் கொடுத்தும் பயனில்லை. மானத்தைக் கொடுத்தும் பயனில்லை. அன்றைக்கு அவள் எழுதிய பொய், இன்றைக்கு எந்தச் சட்டமும் அசைக்க முடியாத உண்மையாகிவிட்டது. செடி அங்கேயே நிற்கும். வேர் வரும். மகள் அந்த வீட்டில்தான் பிள்ளை பெறுவாள்.

மதிலுக்கு அப்பால் மெஷின் எண்ணெய் வாசம் கனத்துக்கொண்டே வந்தது.

ஆய்வாளர் மெல்ல ஓரடி எடுத்து வைத்தாள். இன்னும் ஓரடி. விரல்களுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றாள். நகங்களில் நீலம் பாரித்திருந்தது. சுண்டுவிரலில் ஒரு நூல் சுற்றிக் கிடந்தது, இன்னும் முடிச்சுப் போடாமல்.

"என்னைத் தெரியுதா?" என்று கிசுகிசுத்தாள்.

டேப் ஒரு முறை அதிர்ந்தது.

"தப்பு என்னுதும்மா. உன்னைக் கொன்னது நான்தான். என்னை என்ன வேணாலும் பண்ணிக்கோ."

விரல்கள் டேப்பை விடவில்லை.

இந்த ஒரு மாதமாக, டம்ளரில் தண்ணீர் குறைந்திருந்த ஒவ்வொரு நாளும், நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிய வார்த்தைகள் இருந்தன. கூடத்து மூலையைப் பார்த்துச் சொல்ல வாய் எடுத்திருக்கிறாள். மகளுக்குக் கேட்டுவிடுமே என்று விழுங்கியிருக்கிறாள். இன்றைக்கு விழுங்கவில்லை. அவள் மதிலுக்கு முன்னால் கை கூப்பினாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புகாரில் படித்த வரி, தன் வரியாகவே வாயில் வந்தது.

"எனக்கு ஒரே பிள்ளை. அதனாலதான் கேக்குறேன். என் பொண்ணு வீட்டை விட்டுப் போயிடும்மா. இனிமே அவ டம்ளரைத் தொடாதே. போயிடு!"

விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விடுகிறவளைப் போல. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தன.

பிறகு டேப் இரண்டு முறை சுண்டியது.

நுனி விடுபட்டது. டேப் 'சர்'ரென்று சுருண்டு அவள் உள்ளங்கையில் வந்து அறைந்தது. மதிலின் மேல் யாருமில்லை. மெஷின் எண்ணெய் வாசம், யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போனது போல, சட்டென்று நின்றது. அரளி வாசம் மட்டும் மிச்சமிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம், சமையலறையிலிருந்து, மகள் சிறு பிள்ளையைப் போலக் கூவினாள்.

"அம்மா! அதிசயத்தைப் பாரேன்! இன்னைக்கு டம்ளர் நிறைஞ்சே இருக்கு!"